பதினைந்து கழிக்கவும்

பிப்ரவரி 9

எஞ்சினின் உண்மையான சக்தி எண்பத்தொரு குதிரை. விற்றவன் நூறு என்றான். அவன் அப்படிச் சொன்னதால்தான் அளந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

கம்பெனி மச்சானுடையது. திருமூர்த்தி, என் அக்கா பூங்கொடியின் கணவர். கோவையில் பம்பு தயாரிக்கிறார். நான்கு வருஷமாகக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், வரைபடத்தைப் பார்த்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டி வருகிறார். உடற்கூடு நான் எதிர்பார்க்காத அளவுக்குச் சுத்தமான வேலை. எஞ்சின் ஒரு காரிலிருந்து கழற்றி மாற்றியமைத்தது. ஆனால் கணக்கு என்று ஒன்றுமே இல்லை. எவ்வளவு சக்தி வரும், மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும், எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்று கேட்டால், "அதுக்குத்தான மாப்ள உன்னயக் கூப்புட்டிருக்குது" என்கிறார். விமானப் பொறியியல் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது போதும் என்று நினைப்பு.

சக்தியை அளக்கும் கருவி இங்கே கிடையாது. பம்புக்காரர்களின் வழி வேறு. எஞ்சினைக் கியர் பெட்டி வழியாக, கம்பெனிக் கிணற்றிலிருந்து இறைக்கும் ஒரு பெரிய பம்பில் பூட்டினோம். நாற்பது மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு நூற்றொன்பது லிட்டர் தண்ணீர் தள்ளியது. இரண்டையும் பெருக்கி எழுபத்தைந்தால் வகுத்தால் ஐம்பத்தெட்டு குதிரை. அந்தப் பம்பின் திறன் எழுபத்திரண்டு சதவீதம். ஆக, எண்பத்தொன்று. முரட்டு வழிதான். ஆனால் தண்ணீர் பொய் சொல்லாது.

ரேடியேட்டர் இன்னும் வரவில்லை. அதனால் தண்ணீர் சூடேறும்வரை வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்து ஒரு சின்ன ஹோஸை எடுத்து எஞ்சினுக்குள் விட்டார்கள். தோட்டத்து ஆயில் எஞ்சின்களுக்கு இவர்கள் எப்போதும் செய்வது அதுதான். இறைக்கிற தண்ணீரே எஞ்சினையும் குளிர்விக்கும். உள்ளே போகும்போது இருபத்தெட்டு டிகிரி, வெளியே வரும்போது நாற்பத்தாறு. ஒரு மணி நேரம் முழு த்ராட்டிலில் ஓடியது. ஆயில் எழுபத்திரண்டு டிகிரியில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

பிப்ரவரி 10

பெட்ரோல்: சீரான பறத்தலில் அறுபது குதிரை வேண்டும். மணிக்கு இருபத்திரண்டு லிட்டர் என்று கணக்கு வந்தது. பங்கில் இப்போது எத்தனால் கலந்துதான் ஊற்றுகிறார்கள், அதனால் இருபத்து நான்கு என்று வைத்துக்கொண்டேன். அளந்து பார்த்தால் இருபத்து மூன்றரை. மச்சான் காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். கை முழுக்க கிரீஸ். சட்டை போச்சு.

பிப்ரவரி 17

தண்ணீர் வழியாக வெளியேற வேண்டிய சூடு நாற்பத்தைந்து கிலோவாட். எல்லோரும் செய்யும் தப்பு, ரேடியேட்டரை வேகமாகப் பறக்கும்போது கிடைக்கும் காற்றுக்குக் கணக்கிடுவது. ஏறும்போதுதான் எஞ்சின் முழுச் சக்தியில் உழைக்கும், வேகமோ குறைவு, காற்றும் குறைவு. நான் ஏறும் வேகத்துக்குத்தான் கணக்கிட்டேன். மச்சானுக்கு இதை விளக்க ஒரு மதியம் போனது.

எலி இறக்கைத் துணியைக் கடித்திருக்கிறது. ஒரு சாண் கிழிசல். ஒட்டுப் போட்டேன்.

மார்ச் 3

ஜெரால்டு வந்தார். இவர்தான் ஓட்டப்போகிறவர். தூத்துக்குடிக்காரர், நாற்பத்தொரு வயது. பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ளையிங் கிளப்பை மூடிவிட்டார்கள். இப்போது சிங்காநல்லூரில் குடியிருக்கிறார். மனைவி ரோஸ்லின் பள்ளிக்கூட டீச்சர். எஞ்சினைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். எதையும் தொடவில்லை.

"தம்பி, ஆயில் கூலர எங்கன ஒளிச்சு வச்சிருக்க?"

"தேவையில்லண்ணா."

"தேவையில்லயா?"

"ஒரு மணி நேரம் ஃபுல் த்ராட்டில்ல ஓட்டிப் பாத்தாச்சு. எழுபத்திரண்டு. கூலர் வச்சா மூக்குல நாலு கிலோ ஏறும்."

மச்சான் குறுக்கே வந்தார். "வேண்ணா ஒண்ணு போட்ரலாங்க மாப்ள. நம்ம கடையில சின்னதா ஒண்ணு கெடக்குது."

கையில் எண் இருக்கும்போது எதற்கு 'வேண்ணா'? பயத்துக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் விமானம் லாரி ஆகிவிடும். அப்படியே சொன்னேன். ஜெரால்டு சிரித்தார். "சரிப்பா, படிச்ச பிள்ள சொல்லுத. எட்டாங்கிளாஸ்ல நான் கணக்குல வாங்குனது முப்பத்தஞ்சு."

மார்ச் 8

எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி உடுமலைப் பக்கம் கொண்டுபோனோம். மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் பழைய ஓடுபாதை. ஒரு பக்கம் காற்றாலைகள், மறுபக்கம் தென்னந்தோப்பு. பாதை முழுக்க ஆட்டுப் புழுக்கை. இரண்டு மணி நேரம் கூட்டினேன். பொறியியல் பட்டதாரி.

மார்ச் 11

தரை ஓட்டம். தண்ணீர் தொண்ணூற்றிரண்டு டிகிரி. ரேடியேட்டர் கணக்கு கச்சிதம். ஆயில் மீட்டர் நூற்றுப் பன்னிரண்டு காட்டுகிறது. அபத்தம். அதே எஞ்சின், அதே ஆயில், எழுபத்திரண்டில் நின்றது. சென்சார் இருப்பது புகைக்குழாய்க்கு நாலு விரல்கடை தள்ளி. அந்தச் சூட்டைத்தான் அது காட்டுகிறது.

மார்ச் 13

புகைக்குழாய்க்கும் சென்சாருக்கும் நடுவில் தகடு அடித்தேன். இப்போது நூற்றெட்டு. பாருங்கள், குறைகிறது. தொடாமல் சூடு பார்க்கும் துப்பாக்கி வெப்பமானியை ஆயில் தொட்டியின் அடியில் காட்டினேன். பளபள அலுமினியம். தொண்ணூற்று மூன்று காட்டியது. வித்தியாசம் பதினைந்து. மீட்டரில் பதினைந்து டிகிரி கூடுதலாக விழுகிறது, அவ்வளவுதான்.

வேறு மீட்டர் வாங்கலாம் என்றார் மச்சான். வந்துசேர பத்து நாள். நான் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கும் பெங்களூர் விமானக் கம்பெனியின் நேர்காணல் இருபத்தாறாம் தேதி. அதற்குள் கையில் பறந்த எண்கள் இருந்தாக வேண்டும். மீட்டர் கண்ணாடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எழுதினேன்: பதினைந்து கழிக்கவும்.

மார்ச் 17

துள்ளல். பாதையிலிருந்து பத்தடி எழும்பி, அப்படியே இறங்குவது. எங்களுக்குக் கிடைத்திருக்கும் அனுமதி இதற்கு மட்டும்தான். நான்கு முறை. விமானம் நேராகப் போகிறது. மச்சான் பாதையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார், எழுந்திருக்கவே இல்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

துள்ளித் துள்ளி ஓர் எண்ணும் கிடைக்காது. ஐந்து நிமிடமாவது முழு ஏற்றம் வேண்டும். மூன்று பேருமாகப் பேசினோம். ஒரே ஒரு சுற்று. நான்தான் அதிகம் பேசினேன் என்று மச்சான் பிறகு சொல்லக்கூடும். ஜெரால்டுக்கும் ஆசை இருந்தது. கிளப் மூடிய பிறகு அவர் உயரமே பார்க்கவில்லை.

மார்ச் 20

விபத்து.

மார்ச் 21

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நல்லபடியாகக் கிளம்பியது. நிமிடத்துக்கு அறுநூறு அடி ஏற்றம். என் கணக்கு அறுநூற்று இருபது. ஜெரால்டு ரேடியோவில் தண்ணீர்ச் சூடு, ஆயில் சூடு, அழுத்தம் மூன்றையும் சொன்னார். பதில் சொன்னேன். இரண்டாவது திருப்பத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. புரொப்பெல்லர் சுழலாமல் குறுக்கே நிற்பது தரையிலிருந்தே தெரிந்தது. பாதைக்குத் திரும்ப உயரம் போதவில்லை. தோப்புக்குள் இறங்கினார்.

மச்சானும் தேங்காய் போட வந்த ஆட்களும் சேர்ந்து அவரை வெளியே எடுத்தார்கள். நினைவு இருந்தது. "என் காலு ரெண்டும் எங்க கெடக்கு, பாருங்கடே" என்று கேட்டார். கால்கள் உடம்போடுதான் இருந்தன.

ஆம்புலன்ஸ் போன பிறகு சிதைவுகளோடு நான் மட்டும் இருந்தேன். மீட்டர்கள் இருந்த பேனலைத் துடைத்தேன்.

மார்ச் 22

ஜெரால்டுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மச்சான் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார். நான் போகவில்லை. கூட்டம் கூடுவதால் யாருக்கும் உபயோகம் இல்லை. பைக் செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

மார்ச் 24

விசாரணை அதிகாரி வந்தார். மெதுவாகப் பேசுகிறவர். அனுமதியில்லாத சுற்றைப் பற்றி மச்சானிடம் கேட்டபோது மச்சான் தரையைப் பார்த்தார். "மேல கௌம்பீருச்சுங்க. அவரு எறக்காம ஏத்தீட்டாருங்க" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

என்னிடம் ஆயில் மீட்டர் சரியாக இருந்ததா என்று கேட்டார். சரியாக இருந்தது என்றேன். கழற்றிக் கொதிநீரில் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், ஒரு டிகிரி பிசகவில்லை. அப்படியானால் சூடு ஏறுவதை ஓட்டியவர் கவனித்திருக்க வேண்டுமல்லவா என்றார். பொதுவாக அது ஓட்டுகிறவரின் பொறுப்பு என்றேன். கண்ணாடியில் பசை ஒட்டியிருக்கிறதே என்றார். பழைய ஸ்டிக்கர் என்றேன்.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வாக்கியமும் பொய் இல்லை.

மார்ச் 26

நேர்காணல் வீடியோவில். சக்திக் கணக்கையும் ரேடியேட்டர் கணக்கையும் விளக்கினேன். விபத்தைப் பற்றிக் கேட்டார்கள். விசாரணை நடக்கிறது, ஓட்டியவரின் கவனக்குறைவாகத் தெரிகிறது என்றேன். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அக்கா கேசரி கிளறினாள். யாரும் சாப்பிடவில்லை.

மார்ச் 27

ரோஸ்லின் கம்பெனிக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சேலை, தோளில் பை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒரே ஒரு கேள்விதான். அவுகள கவனிக்காம ஓட்டுனாருன்னு எழுதிட்டாவளாம். லைசன்ஸ நிரந்தரமா எடுத்துருவோம்னு ஒருத்தர் போன்ல சொல்லுதாரு."

"இனிமே அவரால ஓட்ட முடியாதேக்கா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும். நாந்தான தெனமும் துணி மாத்தி விடுதேன். ஆனா அவுக ராத்திரி பகலா ஒண்ணையே சொல்லிட்டு கெடக்காவ. மீட்டரப் பாத்தேன், நூத்தி இருவத்தெட்டு நின்னுச்சி, தம்பிட்ட கேட்டேன், கழிச்சிக்கிடச் சொன்னான், அப்படிங்காவ. மருந்து மயக்கத்துல ஒளறுதாவன்னு டாக்டர் சொல்லுதாரு. இப்ப அவுகளுக்கே சந்தேகம் வந்துட்டு. நான் பாக்கவே இல்லையோன்னு கேக்காவ." பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

சென்சார் இருந்த இடம், புகைக்குழாயின் சூடு, அளவீட்டில் வரும் பிழை எல்லாவற்றையும் விளக்கினேன். பத்து நிமிடம் விளக்கியிருப்பேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வகுப்புல பதில் தெரியாத பிள்ள இப்படித்தான் பேசும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 28

உதிரிபாகத்துக்காக மச்சான் வாங்கிப்போட்டிருந்த அதே மாடல் எஞ்சின் ஒன்று ஷெட்டில் இருந்தது. மறுபடியும் பம்பில் பூட்டினேன். ஹோஸ் வேண்டாம். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, ரேடியேட்டரை வைத்து, முன்னால் கம்பெனியின் பெரிய ஃபேனை நிறுத்தினேன். விமானத்தில் இருந்ததுபோலவே, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீர் தொண்ணூற்றிரண்டுக்கு வந்து நின்றது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக வெப்பமானியை நேராக ஆயிலுக்குள்ளேயே இறக்கினேன்.

தொண்ணூறு. நூற்று நான்கு. நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்தொன்று. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஆயில் நீர்த்துப்போய், அதன் அழுத்தம் நான்கில் ஆரம்பித்து ஒன்றுக்குக் கீழே போனது.

முதல் தடவை எழுபத்திரண்டில் பிடித்து நிறுத்தியது கிணற்றுத் தண்ணீர். எஞ்சினை அந்தப் பச்சைத்தண்ணீர் முழுக்காட்டிக்கொண்டே இருந்தது, ஆயிலும் கூடவே குளிர்ந்தது. எழுதி வைத்திருக்கிறேன், உள்ளே இருபத்தெட்டு, வெளியே நாற்பத்தாறு. நாற்பத்தாறு டிகிரித் தண்ணீரில் எந்த எஞ்சினும் பறப்பதில்லை. இது முதலாமாண்டுப் பாடம். துப்பாக்கி வெப்பமானி பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்துத்தான் காட்டும் என்பதும்தான். மீட்டர் ஆரம்பத்திலிருந்தே சரி.

சத்தம் கேட்டு மச்சான் வந்தார். வெப்பமானியைப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எட்டிச் சுவிட்சை அணைத்தார்.

"இதும் எறுகிப் போயிருமுல்ல" என்றார்.

"மச்சான், கூலர் போடலாம்னு நீங்க சொன்னீங்க."

"சொன்னேன். அப்பறம் நீ சொன்னத கேட்டுட்டு சும்மா இருந்தேன்." ஃபேனையும் நிறுத்தினார். "மாப்ள, உக்காரு. ஆபீசர் எழுதீட்டுப் போயிட்டாரு. நீ பெங்களூர் போற. ஜெரால்ட நான் பாத்துக்கறன், உசுரோட இருக்கற வரைக்கும். நீ இதயக் கொண்டு போயிக் குடுத்தா அவருக்கு காலு வந்துருமா? உன்ற பேரு கெட்டா எவன் உன்ன விமானத்துக்கிட்ட சேப்பான்?"

கேள்வி நியாயமானது. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.

மார்ச் 29

அக்காவிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னா அவரயும் சேத்துத்தான புடிப்பாங்க?"

"மேல போகச் சொன்னது மூணு பேருந்தான். அதையும் எழுத வேண்டி வரும்."

தோசை கருகியது. எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள்.

"ஜெரால்டண்ணன் சொல்றது பொய் இல்லீல்ல?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கோசரம் எங்கிட்ட வந்து நிக்கற?" திரும்பவே இல்லை. "நான் வேண்டாம்னு சொன்னா சொகமா இருக்கும்னுதான?"

மார்ச் 30

அதிகாரிக்கு ஆறு பக்கம் அனுப்பினேன். இரண்டு சோதனைகளின் எண்கள், ஸ்டிக்கர், அதைக் கிழித்தது, அனுமதியில்லாத சுற்றை வற்புறுத்தியது, ரேடியோவில் பேசியது. பெங்களூருக்கும் அதே ஆறு பக்கம். மச்சானிடம் ஒரு பிரதி கொடுத்தேன். நின்றபடியே படித்தார். தன்னைப் பற்றிய பத்தியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஃபவுண்டரிக்குள் போனார். மாலை வரை வெளியே வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

மார்ச் 31

ஆஸ்பத்திரி. நான்கு கட்டில் போட்ட அறை. ஜன்னல் பக்கம் ஜெரால்டு. சவரம் செய்யாத தாடி பாதி நரைத்திருந்தது. அவருக்கு நரை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ரோஸ்லின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"வாடே" என்றார் ஜெரால்டு. "பத்து நாளா ஆளயே காணும். பெங்களூர் போயிட்டியோன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் வரும்போது வரிசையாகத் தயார் செய்திருந்தேன். முதலில் கிணற்றுத் தண்ணீர், பிறகு தெர்மோஸ்டாட், பிறகு அழுத்தம். ஆரம்பித்தேன்.

அவர் கையைத் தூக்கினார். "பாடம் வேண்டாம். அவ கேக்கட்டும், அவளப் பாத்துச் சொல்லு. நான் மீட்டரப் பாத்தேனா?"

"பாத்தீங்க."

"எவ்வளவு சொன்னேன்?"

"நூத்தி இருபத்தெட்டு. கழிச்சா நூத்திப் பதிமூணு, சரிதான தம்பின்னு கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரிதாண்ணா, ஏறுங்கன்னு சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம். ரோஸ்லின் துண்டை மடித்து முடித்து அலமாரியில் வைத்தார்.

"கேட்டியா?" என்றார் ஜெரால்டு அவரிடம். "எனக்கு கோட்டி பிடிக்கல. புத்தி தெளிவாத்தான் இருக்கு." கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை வரவில்லை, அல்லது துடைக்கத் தோன்றவில்லை. பிறகு, கண்ணைத் திறக்காமலே, "ஏல, நான் எறங்கியிருப்பேன். நீ மட்டும் ஒரு வார்த்த தெரியலன்னு சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்."

பையிலிருந்து அந்த ஆறு பக்கத்தை எடுத்தேன்.

அதிகாரிக்கு அனுப்பிவிட்டதை ரோஸ்லினிடம் சொன்னேன். பிரதியை நீட்டினேன். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தார். படிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"படுக்கப் புண்ணு வந்துரும், ரெண்டு மணிக்கொருக்கா திருப்பணும். வார்டு ஆள் சாப்புடப் போயிட்டான்" என்றார். "அந்தப் பக்கமா வாங்க. தோளுக்கு அடியில ஒரு கை, இடுப்புக்கு அடியில ஒரு கை. இழுக்காதீங்க. தூக்கணும்."

மெலிந்திருந்தார். அறுபது கிலோதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கையைக் கொடுத்தேன். தூக்க முடியவில்லை. தன் பங்குக்கு எதுவும் செய்ய முடியாத உடம்பு அவ்வளவு கனக்கிறது. இரண்டாவது முறை ரோஸ்லின் மூன்று எண்ணினார். மூன்றில் தூக்கித் திருப்பினோம். ஜெரால்டின் முகம் சுவரைப் பார்த்து வந்தது, முதுகு என் பக்கம். கட்டுக்குக் கீழே தோல் சிவந்திருந்த இடங்களில் ரோஸ்லின் பவுடர் போட்டார்.

"அடுத்தது நாலு மணிக்கு" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகச் சொல்லியும் சொல்லவில்லை.